கை மோந்து பார்த்த உத்தியோகம்

போன மாதம் எங்கள் பழைய வைத்திய சாலையிலிருந்து இரண்டு நர்ஸ் பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். கையில் ஒரு குப்பி, உள்ளே பச்சை நிற மாத்திரைகள். வெளியே ஒட்டியிருந்த காகிதத்தில் பதினைந்து மூலிகைகளின் பெயரைப் போட்டு, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘பத்தியம் தேவையில்லை’ என்று அச்சடித்திருந்தது. ஜனங்கள் இப்போது இயற்கை வாழ்க்கை, மூலிகை வைத்தியம் என்று கிளம்பிவிட்டார்களாம், மாத்திரை நன்றாகப் போகிறதாம். அந்தக் காலத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள், எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் சிரித்த சிரிப்பில் அந்தப் பெண்கள் கொஞ்சம் பயந்துபோனார்கள். பத்தியம் தேவையில்லை என்று அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு உத்தியோகமே கிடைத்திருக்காது. மகாராஜா காலத்து மைசூரில் நான் சம்பளம் வாங்கியது பத்தியம் பார்த்ததற்குத்தான்.

என் சொந்த ஊர் கொள்ளேகால் பக்கம். அப்போது அது கோயம்புத்தூர் ஜில்லா. நாங்கள் வேதக்காரர்கள் என்பதால் பாதிரியார் சிபாரிசில் மைசூருக்கு வந்து ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் நர்ஸ் பயிற்சி எடுத்தேன். படுக்கை விரிப்பின் மூலையை மடிப்பது, தெர்மாமீட்டரை உதறுவது, டாக்டரம்மா வந்தால் எழுந்து நிற்பது. மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் செய்வேன். கல்யாணம் ஆன நர்ஸை வைத்துக்கொள்வதில்லை என்பது அங்கே சட்டம். கல்யாணம் ஆயிற்று, வேலை போயிற்று. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார், நல்ல மனுஷர். ஆனால் நல்ல குணத்தை வைத்து அரிசி வாங்க முடியாது. அப்போதுதான் கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தர்ம வைத்திய சாலையில் பெண்கள் பகுதிக்கு நர்ஸ் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன்.

அங்கே தலைமை வைத்தியர் ஒரு பண்டிதர். நஞ்சன்கூட்டுக்காரர். நாலு தலைமுறைக்கு முன்னால் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஸ்மார்த்த ஐயர் குடும்பம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் கன்னடம், மருந்துக்கு சமஸ்கிருதம். கோபம் வந்தால் மூன்றும் கிடையாது, மூக்குப்பொடி டப்பியை மட்டும் தட்டுவார். என் சர்டிபிகேட்டை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நோயாளி வைத்தியனிடம் அதிகமாகப் பொய் சொல்வது எதைப் பற்றி என்று கேட்டார். வயசைப் பற்றி என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சாப்பாட்டைப் பத்திம்மா. வயசைப் பொய் சொன்னா மருந்து கெட்டுப்போகாது” என்றார். மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார்.

வேலை இதுதான். பண்டிதர் மருந்தோடு பத்தியமும் எழுதிக் கொடுப்பார். அதை அவரவர் ஒழுங்காக இருக்கிறார்களா என்று நான் பார்த்து வர வேண்டும். படுத்திருப்பவர்களை வார்டில் பார்ப்பேன், மற்றவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பது வீண் வேலை. கஞ்சி என்பார்கள், எல்லாரும் கஞ்சி என்பார்கள். அதனால் பண்டிதர் எனக்கு ஒரு முறை வைத்திருந்தார். நாடி பார்ப்பது போல வலது கையைப் பிடிக்க வேண்டும், குனிய வேண்டும், விரல் நுனி மூக்குக்கு அருகில் வரும்போது மெதுவாக மூச்சை இழுக்க வேண்டும். அவ்வளவுதான்.

இளக்காரமாக நினைக்காதீர்கள். பூண்டு ஒரு நாள் நிற்கும். பெருங்காயம் சாயங்காலம் வரை நிற்கும். கருவாடு மூன்று நாளானாலும் போகாது. மாம்பழத்தை நகக்கண் காட்டிக்கொடுக்கும். அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் சோப்பு கிடையாது, ஆகவே சோப்புப் போட்டுப் பளிச்சென்று கழுவிக்கொண்டு வருகிற கை எதுவோ, அதன் மேல்தான் எனக்கு முதல் சந்தேகம். ஆறு மாதத்தில் என் மூக்கு எவ்வளவு பழகிவிட்டது என்றால், வீட்டுக்காரர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் கையையும் பிடித்து மோந்து பார்க்க ஆரம்பித்தேன். பாவம், அவர் பீடியை அப்படித்தான் விட்டார்.

ஜட்கா ஓட்டும் ஒருவன் காமாலையோடு வந்தான். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்து, எண்ணெயும் மீனும் கூடாது என்று பண்டிதர் சொல்லியிருந்தார். நாலாம் நாள் கையைப் பிடித்தேன், கருவாடு வாசனை கமகமவென்று வந்தது. குதிரைக்குக் கொள்ளு வைத்த கை என்றான். கொள்ளில் கருவாடு எப்படி வந்தது என்று கேட்டேன். அதைக் குதிரையைத்தான் கேட்க வேண்டும் என்று கூசாமல் சொன்னான். பண்டிதர் அவனைத் திட்டவில்லை. அவர் யாரையுமே திட்டியதில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டு, பத்தியத்தில் இன்னும் ஒரு வாரம் சேர்த்து எழுதுவார், அதுதான் அவருடைய தண்டனை. அவருக்கே ஒரு தடவை கபம் கட்டி, வாழைப்பழம் கூடாது என்று தனக்குத் தானே எழுதிக்கொண்டிருந்தார். நஞ்சன்கூட்டுக்காரரால் ரசபாளே பழத்தை விட முடியுமா? மணைக்குப் பின்னால் தோல் கிடந்தது. நான் அவர் சீட்டை எடுத்து முன்னால் வைத்தேன். பேனாவை மையில் தொட்டுத் தனக்கும் ஒரு வாரம் கூட்டி எழுதிக்கொண்டார். அந்த நியாயம் எனக்குப் பிடித்திருந்தது.

இயற்கை வைத்தியம் சுலபம் என்று யாரோ இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். மூலிகை சுலபம்தான். மூக்கிரட்டை குக்கரஹள்ளிக் கெரே என்கிற ஏரி ஓரத்தில் காசில்லாமல் முளைத்துக் கிடந்தது, துளசியும் ஆடாதொடையும் வைத்திய சாலைக் கொல்லையிலேயே இருந்தன. நாக்குதான் சுலபம் இல்லை. இதை எனக்கு நன்றாக உறைக்க வைத்தது ஒரு வீடு. நான் சொல்ல வந்ததும் அந்த வீட்டைப் பற்றித்தான்.

கோட்டைக்கு அருகே ஓர் அக்ரஹாரத்தில் சம்பத் ஐயங்கார் என்று ஒருவர் குடியிருந்தார். மேல்கோட்டைக்காரர். மைசூரில் ஒரு பெருமாள் கோயில் மடப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை செய்கிற வேலை. அவருடைய மனைவி அலமேலு, முப்பது வயது இருக்கும். கூடவே இருந்த இன்னொருத்தி அவருடைய தங்கை சிங்கம்மா, சின்ன வயதிலேயே புருஷனை இழந்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். அலமேலுவுக்கு முகம் வீங்கி, கால் வீங்கி, கால் விரல் மெட்டியைத் தட்டான் வந்து வெட்டி எடுக்கும்படி ஆகியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்கினாள். ஆஸ்பத்திரியிலோ எங்கள் வார்டிலோ பிறர் சமைத்ததைச் சாப்பிட மாட்டாள், ஆகவே வீட்டிலேயே வைத்தியம் என்று முடிவாயிற்று.

பண்டிதர் வந்து நாடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். வெகு நேரம் திறக்கவில்லை. வெளியே வந்ததும் என்னிடம், நீர் நெஞ்சுக்கு ஏறினால் நம் கையில் இல்லை என்றார். மூக்கிரட்டை வேரும் நெருஞ்சில் முள்ளும் போட்டு எட்டுக்கு ஒன்றாய் வற்றவைத்த கஷாயம் இரண்டு வேளை. பார்லிக் கஞ்சி, பால், வேகவைத்த புடலங்காய், சோறு. உப்பு மட்டும் ஒரு கல்லும் கூடாது. ஊறுகாய், அப்பளம், இந்துப்பு எதுவும் கிடையாது. இதை அவர் ஒரு தடவைக்கு மூன்று தடவை சொன்னார். சிங்கம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டாள்.

வீக்கத்தைப் பார்க்க எனக்கு ஒரு வழி இருந்தது. வெள்ளை நூலைக் கணுக்காலில் சுற்றி, இரண்டு முனையும் சேருமிடத்தில் வெட்டுவேன். அந்தத் துண்டை ஓர் அட்டையில் தேதியோடு ஒட்டித் தொங்கவிடுவேன். அடுத்த நாள் நூல் அதற்குப் பக்கத்தில். எழுத்து தெரியாதவர்களும் அட்டையைப் பார்த்தால் நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லிவிடலாம். தினமும் காலை ஒன்பது மணிக்கு அந்த வீட்டுக்குப் போவேன். ரேழியில் பாய் போட்டு அலமேலுவை உட்கார வைத்திருப்பார்கள். அதைத் தாண்டி உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை. நான் தெருவில் இறங்கியதும் பின்னால் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்கும். முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு, எப்படியோ தரை சுத்தமாக இருக்கிறது என்று தேற்றிக்கொண்டேன்.

இருபது நாள் ஆயிற்று. நூல் குறையவில்லை. இரண்டு விரற்கடை கூடியிருந்தது. அலமேலுவின் கையைத் தினமும் மோந்து பார்த்தேன். கஞ்சி வாசனையும் கஷாய வாசனையும் தவிர ஒன்றும் இல்லை. இருந்தும் உப்பு எங்கிருந்தோ போகிறது என்று என் மனசுக்குப் பட்டது. யார் கொடுப்பார்கள்? சமைக்கிறவள்தானே? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், இரக்கப்பட்டு ஒரு கல் போட்டிருப்பாள், அல்லது அலமேலு தேறக் கூடாது என்றே போட்டிருப்பாள். நாத்தனாரைப் பற்றி இப்படி நினைக்க ஊரில் யாருக்கும் சாட்சி தேவையில்லை, எனக்கும் தேவைப்படவில்லை. அலமேலுவை வைத்துக்கொண்டே சிங்கம்மாவிடம் கேட்டுவிட்டேன். “நீங்க உப்புப் போடறீங்க. அவங்க உயிரோட விளையாடறீங்க” என்றேன்.

சிங்கம்மா அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. உள்ளே போனாள். உப்பு வைத்திருந்த கல்சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். எடுத்துக்கொண்டு போகும்படி கையைக் காட்டினாள். அலமேலு தலையைக் குனிந்துகொண்டாள். நானும் வீறாப்பாக அந்தக் கல்சட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தேன். மைசூர் வெயிலில், உப்போடு கூடிய கல்சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெள்ளைச் சேலை நர்ஸ் ஒருத்தி போவதை ஜனங்கள் நின்று பார்த்தார்கள். பண்டிதர் மேஜை மேல் அதை வைத்தபோது அவர் பொடி டப்பியைத் தட்டினார். எனக்காகத் தட்டினாரா, சிங்கம்மாவுக்காகவா என்று அப்போது தெரியவில்லை.

வீட்டில் உப்பே இல்லை. ஆனாலும் அடுத்த வாரம் நூல் இன்னும் கொஞ்சம் நீண்டது. பண்டிதர் தன் கணிப்பையே சந்தேகப்பட்டார். இன்னும் சில நாள் பார்ப்போம், இறங்காவிட்டால் அவள் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டியதுதான் என்றார். அப்போது மேல்கோட்டை உற்சவத்துக்குத் தளிகை செய்ய ஆள் போதவில்லை என்று சம்பத் ஐயங்காரை வரச் சொல்லி அழைத்திருந்தார்கள். எட்டு நாள் அவர் ஊரில் இல்லை. மூன்றாம் நாள் நூல் சிறுத்தது. ஐந்தாம் நாள் இன்னும் சிறுத்தது. எட்டாம் நாள் அலமேலு படுத்துத் தூங்கினேன் என்று சொன்னாள். கஷாயம் கேட்க ஆரம்பித்துவிட்டது என்று நான் குதித்தேன். அவர் திரும்பி வந்த மூன்றாம் நாள் நூல் பழையபடி நீண்டது.

அட்டையைப் பண்டிதரிடம் காட்டினேன். நடுவில் மட்டும் நூல்கள் குட்டையாக, பல் உடைந்த சீப்புப் போல இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நீ எத்தனை மணிக்குப் போகிறாய், அவர் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறார் என்று கேட்டார். நான் ஒன்பது மணிக்கு, அவர் உச்சிகால பூஜை முடிந்து. அன்றைக்கு நான் உச்சிவேளைக்குப் போனேன்.

ரேழியில் யாரும் இல்லை. உள்ளே கூடத்து வாசல் திறந்திருந்தது. சம்பத் ஐயங்கார் ஈர வேஷ்டியோடு அலமேலுவுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். கையில் வாழை இலைப் பொட்டலம், அதில் எண்ணெய் மினுமினுக்கும் புளியோதரை. சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து அவள் வாயில் போட்டுக்கொண்டிருந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். நான் இத்தனை நாளும் அவள் கையை மோந்து பார்த்தேன். மோந்து பார்த்திருக்க வேண்டியது அவர் கையை.

என்னைப் பார்த்ததும் அவருக்கு வெட்கம் வந்து எழுந்துவிட்டார். நான் கதவுக்கு வெளியே நின்றபடியே, சுவாமி, இதில் உப்பு இருக்குமே என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“இது பிரசாதம் நர்ஸம்மா. பெருமாள் அமுது செஞ்சப்புறம் அதுல உப்பேது, புளியேது? அவ வேற ஒண்ணும் சாப்பிட மாட்டேங்கறா. இதுதான் அவ உயிரைப் பிடிச்சுண்டிருக்கு.”

பொய் சொல்கிற ஆளில்லை அவர். அந்தப் புளியோதரைக்கு உப்பை அள்ளிப் போட்டதே அவர் கைதான். பெருமாளுக்கு முன்னால் யாரும் ருசி பார்க்கக் கூடாது என்பதால் எல்லாம் கைக்கணக்கு. நிவேதனம் ஆகிற வரைக்கும் அது புளியும் உப்பும் அரிசியும். ஆன பிறகு அது வேறு ஒன்று. வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் தினம் கேட்டதற்கு ஒருவரும் இதைச் சொல்லாததன் காரணம் அப்போது புரிந்தது. யாரும் மறைக்கவில்லை. பிரசாதத்தைச் சாப்பாட்டில் சேர்க்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றியிருக்காது. அவர் ஊருக்குப் போனால் கோயிலில் அவருடைய பிரசாதப் பங்கை வேறு ஆள் வாங்கிக்கொள்வான், அதனால்தான் அந்த எட்டு நாள் கால் வற்றியது.

நான் வேதக்காரி. பிரசாதத்தைச் சாப்பிடாதே என்று நான் சொன்னால் அது வைத்தியமாகக் காதில் விழுமா? நேரே பண்டிதரிடம் வந்து, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவர் பொடியை எடுத்தவர் போடாமல் விரலிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“நீ சொன்னா வேதக்காரி சொல்றாம்பா. நான் சொன்னா ஸ்மார்த்தன் சொல்றான்பா. அந்த ஆத்துலயே ஒருத்தர் சொல்லணும் ஞானம்மா.”

அந்த வீட்டில் இருந்தது மூன்று பேர். நோயாளியும் அவள் புருஷனும் போக மீதி இருந்தது, நான் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வந்த ஆள். மேஜைக்கு அடியில் கல்சட்டி அப்படியே இருந்தது. பண்டிதர் அதைக் காலால் என் பக்கம் லேசாக நகர்த்தினார்.

மறுநாள் காலையில் அதைத் தூக்கிக்கொண்டு போனேன். போகும்போது இருந்த வீறாப்பு திரும்பும்போது இல்லை, கனம் மட்டும் இரண்டு மடங்கு. சிங்கம்மா கொல்லைக் கிணற்றடியில் இருந்தாள். சந்து வழியாகப் போய்த் துவைக்கிற கல்லின் மேல் சட்டியை வைத்தேன். நான் சொன்னது தப்பு, என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அவள் உப்பைக் கொட்டினாள், சட்டியைச் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவினாள், கவிழ்த்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

“எல்லார் கையையும் மோந்து பாக்கறேளாமே. என் கையை ஒரு நாள் பாத்தேளா?”

என்னைத் தொட்டால் குளிக்க வேண்டியவள், தன் வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான் தொடாமல் குனிந்தேன். சாம்பல் வாசனை, கிணற்றுத் தண்ணீர் வாசனை. வேறு ஒன்றும் இல்லை. அலமேலுவுக்கு உப்பை நிறுத்திய அன்றே தானும் நிறுத்திவிட்டாளாம். ஒரே அடுப்பில் இரண்டு விதமாகச் சமைத்தால் அவளுக்கு ஆசை வரும், அதனால் என்றாள். ஏற்கெனவே ஒரு வேளைதான் சாப்பிடுகிறவள். நான் அந்தக் கிணற்றடியிலேயே அழுதேன். அவள் அழுகையைப் பார்க்காதது போல வாளியைக் கிணற்றில் இறக்கினாள். நான் புளியோதரை விஷயத்தைச் சொல்லி முடித்தபோது கயிறு அவள் கையில் அப்படியே நின்றது.

உச்சிவேளைக்கு அவர் வந்தார். நான் ரேழியிலேயே நின்றேன். அவர் பொட்டலத்தைப் பிரித்ததும் சிங்கம்மா சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்தாள். அண்ணன் எதிரில் அவள் நின்று பேசி நான் பார்த்ததில்லை.

“அண்ணா, ஒரு பருக்கை பிரசாதமா, இல்லையா?”

“பிரசாதம்தான். அதுல என்ன சந்தேகம்?”

“அப்போ மன்னிக்கு ஒரு பருக்கை போறும். பெருமாள் அளவு பாத்தா அனுக்கிரகம் பண்றார்? மீதிக்குத்தான் கால் வீங்கறது.”

அவர் அவளைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார், பிறகு என் கையில் இருந்த அட்டையைப் பார்த்தார். மேல்கோட்டைக்குப் போன எட்டு நாளை அந்தக் குட்டை நூல்களில் அவரே எண்ணிவிட்டார் என்று நினைக்கிறேன். என் கையாலா என்று கேட்டார். அவர் பொட்டலத்தைக் கீழே வைக்கக் கூடாது என்ற நினைப்பில் அதைக் கையில் ஏந்தியபடியே அழுதார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பருக்கையை எடுத்து, கோயிலிலிருந்து கொண்டுவந்த துளசி இலை மேல் வைத்து அவளிடம் நீட்டினார். மீதியைச் சிங்கம்மாவிடம் கொடுத்தார். அவளும் ஒரு பருக்கைதான் எடுத்துக்கொண்டாள்.

ஒரு மாதத்தில் நூல் பாதியாகக் குறைந்தது என்று சொன்னால் மிகையாகிவிடும், ஆனால் கணுக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரிந்தது. மண்டலம் முடிந்து இன்னொரு மண்டலமும் முடிந்தபோது புது மெட்டி போட்டாள். என்னிடம் இப்போது அந்தப் பெண்கள், மூக்கிரட்டையா குணமாக்கிற்று என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது. கஷாயமாக இருக்கலாம், உப்பை நிறுத்தியதாக இருக்கலாம், உடம்பு தானாகவே தேறியிருக்கலாம். பண்டிதரும் தெரியாது என்றுதான் சொன்னார். இன்றைக்கு அப்படி ஒரு கால் வீங்கி வந்தால் முதலில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், கஷாயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இதை நான் அந்தப் பெண்களிடமும் சொன்னேன், இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

கடைசி நாள் நூல் போட நான் வழக்கத்தை விட்டு உச்சிவேளைக்குச் சற்று முன்னால் போயிருந்தேன். சிங்கம்மா கிணற்றடியில் இருந்தாள். நூலை வெட்டிக்கொண்டிருந்தபோது அலமேலு தாழ்ந்த குரலில் பேசினாள்.

“நர்ஸம்மா, உப்பு எனக்கு மொதல் நாளே தெரிஞ்சுது.”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“நாக்குன்னு ஒண்ணு இருக்கே. அவருக்கு அது பிரசாதம். எனக்கும் பிரசாதம்தான், ஆனா உப்பு தெரிஞ்சுது. நீங்க சிங்கம்மாவைச் சொன்னப்போகூட நான் வாயைத் திறக்கலை. அந்தப் பாவம் எனக்குத்தான்.”

ஏன் அம்மா, செத்துப்போயிருப்பாயே என்றேன். என் குரலில் கோபம்தான் இருந்தது.

“தெரியும்” என்றாள். “இந்தாத்துக்கு வந்து பதிமூணு வருஷமாச்சு. விடியறதுக்கு முன்னே மடப்பள்ளிக்குப் போயிடுவார், வந்தா தூங்கிடுவார். எனக்கு எதிர்க்க அவர் உக்காந்தது இந்த வியாதியிலதான். உப்புன்னு சொன்னா அது நின்னுடும்.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், மோந்து பார்க்க அல்ல. அந்தப் பேச்சை நான் பண்டிதரிடம் சொல்லவில்லை, சிங்கம்மாவிடமும் சொல்லவில்லை. அவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் இன்று எழுதுகிறேன்.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. சம்பத் ஐயங்கார் ஈர வேஷ்டியோடு வந்தார். கையில் பொட்டலம் இல்லை, ஒரு துளசி இலையும் அதன் மேல் ஒரு பருக்கையும். நின்றபடியே கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம், ஒரு பருக்கைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவர் அவளுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவள் வாயைத் திறந்தாள், அவர் போட்டார். நான் நூலைச் சுருட்டிக்கொண்டு தெருவில் இறங்கித் திரும்பிப் பார்த்தபோதும் அவள் மென்றுகொண்டிருந்தாள், அவர் எழுந்திருக்கவில்லை.